355 கிலோமீற்றருக்கு மூன்று நாள்: யாழ்ப்பாணம் – சென்னை விமானத்தை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தை நடத்துகிற விமான நிலைய, விமானச் சேவைகள் நிறுவனத்தாருக்கும், இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும், சென்னையிலும் திருச்சியிலும் விமானங்களுக்கு நேரம் ஒதுக்குகிற இந்திய அதிகாரிகளுக்கும், இந்தப் பாதையில் விமானம் விடுகிற, இனி விட நினைக்கிற கம்பனிகளுக்கும்,

வணக்கம்.

பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கிற மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். அட்டவணைப்படி பயண நேரம் ஒன்றேகால் மணித்தியாலம். இந்த இரண்டு எண்களும் சரிதான், அதில் எனக்கு உங்களோடு ஒரு சண்டையும் இல்லை. அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தை நாளின் எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் சண்டை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருவர் சென்னையில் ஒரு டொக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர மூன்று நாள் போகிறது. இதைக் குறைக்கப் புது ஓடுபாதை தேவையில்லை, புதுக் கட்டடம் தேவையில்லை, விமானம் கிளம்புகிற நேரத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று நாள் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். இண்டிகோ 2024 செப்டெம்பர் 1 ஆம் திகதி இந்தச் சேவையைத் தொடங்கியபோது அறிவித்த நேரத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பகல் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பி மூன்றேகால் மணிவாக்கில் பலாலிக்கு வரும், அதே விமானம் நாலு மணிவாக்கில் இங்கேயிருந்து கிளம்பி ஐந்தேகால் மணிவாக்கில் சென்னையில் இறங்கும். ஐந்தேகாலுக்கு இறங்கி, குடிவரவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஜிஎஸ்டி சாலை முழுக்க வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற சனம். லொட்ஜுக்குப் போய்ச் சேரும்போது இரவாகிவிடும், அன்றைக்கு எந்த டொக்டரையும் பார்க்க முடியாது. அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரி, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், முடிவு வந்து பின்னேரம் திரும்பவும் டொக்டர். ஊருக்குப் போகிற விமானமோ பகலே போய்விட்டது. ஆகவே இன்னொரு இரவு. மூன்றாம் நாள் பத்துப் பதினொரு மணிக்கே விமான நிலையத்துக்கு வெளிக்கிட வேண்டும் என்பதால் அன்றைய காலையும் ஒன்றுக்கும் உதவாது. அட்டவணை பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் முன்பின் ஆனாலும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம், அதுவும் பகலில் வந்து பின்னேரம் திரும்புகிற விமானம் என்றால், இங்கேயிருந்து போகிறவருக்கு இதுதான் நடக்கும்.

இரண்டு இரவு லொட்ஜ் வாடகை, கூடப் போகிற ஆளுக்கும் சேர்த்துச் சாப்பாடு, ஓட்டோக் காசு, இங்கே கடையைப் பூட்டிவிட்டுப் போனதால் இல்லாமல் போன வருமானம். இதெல்லாம் ரிக்கெட்டின் விலையில் தெரியாது. நீங்கள் ரிக்கெட்டின் விலையையும் ஆசனம் நிரம்புகிறதா என்பதையும் பார்க்கிறீர்கள், போகிறவர் வீட்டுப் படியிலிருந்து வீட்டுப் படிவரைக்கும் கணக்குப் பார்க்கிறார். அவருடைய கணக்கில் உங்கள் ஒன்றேகால் மணித்தியாலம் ஒரு சின்னத் துண்டுதான்.

யார் போகிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். சுற்றுலாப் பயணிகளை மட்டும் மனதில் வைத்தால் மத்தியான விமானம் நல்ல விமானம்தான், காலையில் ஆறுதலாக எழும்பிப் போய் இங்கே இறங்கி, வெயில் தணிய நல்லூருக்குப் போகலாம். ஆனால் இங்கேயிருந்து ஏறுகிறவர்களில் கண் காட்டப் போகிறவர்கள் உண்டு, அடையாறில் புற்றுநோய்க்குக் காட்டப் போகிறவர்கள் உண்டு, சென்னையில் இறங்கி அதற்கு மேலே வேலூர்வரை பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டியவர்கள் உண்டு. வேலூருக்குப் போகிறவர் ஐந்தேகாலுக்கு இறங்கினால் அன்றைக்கே போய்ச் சேர்வதென்றால் நடு இரவு. கீமோ எடுத்த உடம்போடு அந்தப் பயணத்தைச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் யாரும் உங்களுக்கு முறைப்பாடு எழுத மாட்டார்கள், எழுதுகிற நிலையிலும் இல்லை. அப்புறம் கலியாணத்துக்குக் கூறைச்சேலையும் நகையும் எடுக்க தியாகராய நகருக்குப் போகிற குடும்பங்கள், படிக்கிற பிள்ளைகள், 1983 க்குப் பிறகு பிரிந்து பாதிப் பேர் அந்தக் கரையிலும் பாதிப் பேர் இந்தக் கரையிலுமாக இருக்கிற சொந்தங்கள். செத்தவீட்டுக்குப் போகிறவர்கள். செத்தவீடு நாளைக்கு மத்தியான விமானம் வரும்வரை காத்திருக்காது.

கொழும்பால் போகலாமே என்று சொல்வீர்கள். பல வருஷம் அப்படித்தான் போனோம், அதனால்தான் இந்த நேர்ப்பாதையின் அருமை எங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தரைவழியே கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம். நித்திரை இல்லாமல் கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவில் போய் இறங்கி, மூன்று மணித்தியாலம் முன்னதாக வரிசையில் நின்று, அங்கேயிருந்து சென்னைக்கு இன்னொரு ஒன்றரை மணித்தியாலம். வரைபடத்தை எடுத்துக் கட்டுநாயக்கவையும் மீனம்பாக்கத்தையும் ஒரு அடிமட்டம் வைத்து இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு யாழ்ப்பாண நகரத்துக்கு மேலாலேயே போகும். நாங்கள் வீட்டிலிருந்து தெற்கே நேர்கோட்டில் 290 கிலோமீற்றர் இறங்கி, பிறகு ஏறக்குறைய 640 கிலோமீற்றர் வடக்கே பறந்து, எங்கள் வீட்டுக் கூரையையே தாண்டிச் சென்னைக்குப் போயிருக்கிறோம். 355 கிலோமீற்றர் தூரத்துக்கு 930 கிலோமீற்றர், அதுவும் நேர்கோட்டுக் கணக்கில். தெருக் கணக்கில் போட்டால் இன்னும் கூடும்.

இந்த நேர்ப்பாதை புதிது என்று யாராவது நினைத்தால் அது சரியில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம் பலாலி. எயார் சிலோனின் முதல் சேவை 1947 டிசம்பர் 10 ஆம் திகதி கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, பிறகு மதராசுக்குப் போனது. இலங்கைக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்னாலேயே யாழ்ப்பாணத்தில் ஏறிச் சென்னையில் இறங்க முடிந்தது. பிறகு யுத்தம் வந்தது, பலாலி முழுக்க இராணுவத் தளமானது, பாதை போய்விட்டது. 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், நவம்பர் 11 ஆம் திகதி இந்தியாவின் அலையன்ஸ் எயார் விமானம் வந்தது, சனம் நம்பத் தொடங்குவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது. உலகத்தில் மற்ற விமான நிலையங்கள் எல்லாம் திறந்து, விமானங்கள் எல்லாம் பறக்கத் தொடங்கிய பிறகும் இங்கே 2022 டிசம்பர் 12 வரை காத்திருந்தோம். இந்த வரலாற்றை ஞாபகப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பாதையில் ஆள் குறைவு என்று எப்போதாவது உங்கள் கணக்கில் வந்தால், தொடங்குவதும் நிற்பதுமாக இருக்கிற ஒரு சேவையை நம்பி யாரும் ஆஸ்பத்திரித் திகதி வாங்க மாட்டார்கள் என்பதையும் அதே கணக்கில் சேருங்கள்.

இனி அந்த ஒன்றேகால் மணித்தியாலம். சில இடங்களில் யாழ்ப்பாணம் – சென்னை பறப்பு நேரம் அரை மணித்தியாலம் என்றெல்லாம் போட்டிருப்பார்கள், அது பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் தூரத்தை வகுத்து எடுத்த எண். பலாலிக்கு வருவது ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற விமானம், உச்ச வேகத்தில் போகும்போதே மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான். அந்த வேகத்திலும் 355 கிலோமீற்றருக்கு முக்கால் மணித்தியாலம் போதாதா என்று கேட்டால், அட்டவணையில் இருக்கிற நேரம் வானத்தில் இருக்கிற நேரம் மட்டும் இல்லை. கதவைப் பூட்டி விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து மற்ற ஊரில் வந்து நிற்பது வரைக்கும் உள்ள நேரம் அது. மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்று ஓடுபாதைக்குப் போவதும், மேலே ஏறுவதும், இறங்க வரும்போது வட்டம் போட்டுக் காத்திருப்பதும் அதற்குள்தான் வரும். தூரம் குறையக் குறைய இந்தத் தரை நேரத்தின் பங்கு கூடும். திருச்சியைப் பாருங்கள், பலாலியிலிருந்து நேர்கோட்டில் வெறும் 185 கிலோமீற்றர் அளவுதான், சென்னைத் தூரத்தில் பாதி, ஆனால் அட்டவணையில் ஒரு மணித்தியாலம். ஆகவே வேகமான விமானம் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஜெட் விமானம் வந்தாலும் கால் மணித்தியாலம் மிஞ்சும், அவ்வளவுதான். மூன்று நாள் மூன்று நாளாகத்தான் இருக்கும்.

இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். 1996 இல் இலங்கை மணிக்கூட்டை மாற்றி, பத்து வருஷம் இந்தியாவோடு பொருந்தாமல் இருந்து, 2006 இல் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இப்போது இங்கே ஏழு மணி என்றால் அங்கேயும் ஏழு மணி. காலை ஏழு மணிக்கு இங்கே கிளம்பினால் எட்டேகாலுக்குச் சென்னையில் இருக்கலாம், பத்து மணிக்கு டொக்டருக்கு முன்னால் இருக்கலாம், இரவு ஏழு மணிக்கு ஒரு விமானம் இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்து படுக்கலாம். இரவு விமானம் முடியாது, அதற்கு இங்கே வசதி போதாது என்றால் காலை விமானத்தையாவது தாருங்கள், ஒரு இரவோடு முடியும். விமானம் சென்னையிலிருந்து வந்து திரும்புகிறது என்பதால் விடியவே அங்கே கிளம்ப வேண்டும், அந்த நேரம் மீனம்பாக்கத்தில் நெரிசல் என்பதெல்லாம் எனக்கு விளங்கும். ஆனால் சென்னையிலிருந்து மற்ற ஊர்களுக்கு விடியற்காலையிலேயே சிறிய விமானங்கள் கிளம்புகின்றனதானே? அவற்றில் ஒரு இடத்தை, கிழமையில் மூன்று நாளாவது, பலாலிக்கு ஒதுக்குவது பற்றி உட்கார்ந்து கதைத்தீர்களா? கதைத்துவிட்டு முடியாது என்று முடிவெடுத்திருந்தால் காரணத்தை எங்களுக்கும் சொல்லுங்கள்.

பெட்டி எடை அடுத்தது. ஏடிஆர் 78 பேரை ஏற்றுகிற சின்ன விமானம், எடைக்கு எல்லை உண்டு, அதில் யாரோடும் வாதாட வரவில்லை. ஆனால் எல்லை எவ்வளவு என்பதை ரிக்கெட் வாங்கும்போதே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற ஒருவர் அங்கே இரண்டு பெரிய பெட்டிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு சென்னைவரை வருகிறார், அங்கேயிருந்து பலாலிக்குத் தனி ரிக்கெட் எடுத்திருந்தால் அந்த அனுமதி செல்லாது. அதோடு முடியவில்லை. தனித்தனி ரிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்துத் திரும்பவும் ஒப்படைக்க வெளியே வர வேண்டும், வெளியே வர இந்திய விசா வேண்டும். இது தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட வயதுபோன ஆட்களின் கதையை எங்கள் ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். ரொறன்ரோவில் ஏறும்போதே ஒரே ரிக்கெட்டில் பலாலிவரை பெட்டி போகிற ஏற்பாட்டை மற்றக் கம்பனிகளோடு செய்யுங்கள். அப்படிச் செய்தால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கட்டுநாயக்கவில் இறங்கி வான் பிடித்து வருகிற கூட்டத்தில் ஒரு பெரிய பங்கு உங்கள் விமானத்தில் வரும். இது எங்களுக்கு மட்டும் நன்மை இல்லை, உங்கள் ஆசனங்களும் நிரம்பும்.

விமானம் ரத்தானால் சொல்லுகிற விதமும் மாற வேண்டும். மாரி காலத்தில், நவம்பர் டிசம்பரில், இந்தக் கடலுக்கு மேலே மழையும் மேகமும் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், பாதுகாப்பு இல்லாவிட்டால் பறக்க வேண்டாம், அதில் இரண்டாம் கதை இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு விமானம் ரத்தான செய்தி ரிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்சியின் மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் போனது, அது அவருக்கு வந்து சேர்வதற்குள் அவர் விமான நிலைய வாசலில் நின்றார். பயணியின் தொலைபேசி இலக்கத்துக்கே தமிழில் ஒரு குறுஞ்செய்தி, அடுத்த விமானம் எப்போது, ஆஸ்பத்திரித் திகதி இருக்கிறவருக்கு முன்னுரிமை உண்டா, இவ்வளவும் சொன்னால் போதும். இரண்டு கரையிலும் தமிழ் பேசுகிற பாதை இது, தமிழில் செய்தி அனுப்புவது பெரிய வேலை இல்லை.

இனி ஓடுபாதை. பலாலியைப் பற்றிக் கதைத்தாலே எல்லாரும் இதற்குத்தான் வருவார்கள். ஓடுபாதையை நீட்ட வேண்டும், ஏ320 போன்ற பெரிய ஜெட் விமானங்கள் இறங்க வேண்டும், அப்போதுதான் கட்டணம் குறையும், பெட்டி எடை கூடும் என்று. பெரிய விமானம் வந்தால் நல்லதுதான். ஆனால் அந்த ஓடுபாதையைச் சுற்றி இருக்கிறது வலிகாமம் வடக்கு. 1990 இல் யுத்தத்தால் உடுத்த உடுப்போடு எழும்பிப் போன சனத்தின் காணி, சிவந்த மண், கிணறு, தோட்டம். மயிலிட்டித் துறைமுகத்தையே 2017 இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் 27 வருஷத்துக்குப் பிறகு. இன்னும் காணி திரும்பக் கிடைக்காமல் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வசதிக்காக நீட்டுகிறோம் என்று சொல்லி அவர்களுடைய காணியை இன்னொரு முறை எடுத்தால் அதற்கு என்னுடைய பெயரைப் பாவிக்க வேண்டாம். உரிமைக்காரருடைய சம்மதத்தோடும், சரியான விலையோடும், ஏற்கெனவே வேலிக்குள் இருக்கிற அரச நிலத்தில் முடிந்தவரைக்கும் செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாது என்றால் ஏடிஆரே போதும், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு ஏடிஆர் விடுங்கள். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. நோயாளிக்குப் பெரிய விமானத்தைவிட இரண்டு சின்ன விமானம்தான் உதவும், ஏனென்றால் அவருக்கு வேண்டியது போகிற நேரமும் வருகிற நேரமும்.

திருச்சியைத் தொடங்கியதற்கு நன்றி சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. 2025 மார்ச் 30 இலிருந்து அந்த விமானம் வருவது எத்தனை பேருக்கு உதவி என்று நீங்கள் கொழும்பிலும் டெல்லியிலும் இருந்து பார்த்தால் விளங்காது. யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடத் திருச்சி நூறு கிலோமீற்றருக்கு மேல் கிட்ட. சிதம்பரத்துக்குத் திருவாதிரைக்குப் போகிறவர்கள், எங்கள் அம்மம்மா காலத்தில் மடங்களில் தங்கிய அதே சிதம்பரத்துக்கு, சென்னை போய் வளைந்து வரத் தேவையில்லாமல் திருச்சியில் இறங்கிப் போகலாம். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு அகதி முகாம் இருக்கிறது, இங்கேயிருந்து போன குடும்பங்கள் தலைமுறையாக அங்கே இருக்கின்றன. அவர்களைப் பார்க்கப் போகிற தாய்க்கு, தமையனுக்கு அது ஒரு மணித்தியாலப் பயணம். ஆனால் அங்கேயும் இதே மத்தியான விமானம், இதே இரண்டு இரவுக் கணக்கு.

கப்பலைக் காட்டி விமானத்தைத் தட்டிக் கழிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பவும் வந்தது. 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம் அளவு. காசு குறைவு, பொதி கூடக் கொண்டு போகலாம், வியாபாரிகளுக்கும் உறவுகளுக்கும் அது நல்ல வழி, அதுவும் நிற்காமல் ஓட வேண்டும். ஆனால் இருதயம் சுகமில்லாதவரைக் கடல் கொந்தளிக்கிற மாதத்தில் அதில் ஏற்ற முடியாது. கப்பல் கப்பலுடைய வேலையைச் செய்யட்டும்.

பலாலியில் இறங்கிய பிறகு நகரத்துக்குப் போகிற வழியைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்திலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய 16 கிலோமீற்றர், விமானம் வருகிற நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பஸ் நிச்சயமாக ஓடினால் ஓட்டோவுக்கும் வானுக்கும் கொடுக்கிற காசு மிஞ்சும். மாகாண சபையும் போக்குவரத்துச் சபையும் கதைத்துச் செய்யக்கூடிய சின்ன விஷயம் இது.

விமான அட்டவணைகள் வருஷத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மாறுகின்றன. அதற்குப் பல மாதம் முன்னாலேயே நேரங்களுக்கு விண்ணப்பிப்பீர்கள். அடுத்த பருவத்துக்கான விண்ணப்பத்தில் சென்னையிலிருந்து விடிய ஐந்தரை மணிவாக்கில் கிளம்பி ஏழு மணிக்குள் பலாலிக்கு வந்து, ஏழரைக்குத் திரும்புகிற ஒரு சுற்றைக் கேளுங்கள். பலாலியில் குடிவரவு, சுங்க உத்தியோகத்தர்களை அந்த நேரத்துக்கு வேலைக்குப் போடுவது இலங்கைப் பக்கத்தின் பொறுப்பு, அதைக் கம்பனி கேட்கும்வரை காத்திருக்காமல் இப்போதே அறிவியுங்கள். கிழமையில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் போதும், ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். ஆசனம் நிரம்பாவிட்டால் எண்களை வெளியிட்டுவிட்டு நிறுத்துங்கள், நாங்கள் அதையும் ஏற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து, இந்த விமானத்தில் போய்வருகிற ஒருவர்